குளிரில் நிற்க வேண்டிய துப்பாக்கி

எங்கள் ஊர் இரும்புக்கடையில் மலிவு விலை மழைக்கோட்டு வந்து இறங்கினால் யாரும் உடனே வாங்கிவிட மாட்டார்கள். ஹார்லன் ஷூப் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு காட்டில் ஒரு நாள் நனைந்துவிட்டு வந்து வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அவன் "பரவால்ல" என்றால் சாயங்காலத்துக்குள் கொக்கி காலி. "இதுக்குக் கோணிச் சாக்கு மேல்" என்றால் அந்தக் கோட்டு அடுத்த கோடை வரை அங்கேயே தொங்கும். கடைக்காரர் அவனைத் திட்டிக்கொண்டே காபி ஊற்றிக் கொடுப்பார்.

பெரிய கம்பெனிச் சாமானைப் பற்றி அவனிடம் கேட்டுவிடக் கூடாது. "அது நல்லாத்தான் இருக்கும். அந்த வெலைக்கு நல்லா இல்லாம இருந்தா செருப்பால அடிக்கணும். அதைச் சொல்றதுக்கு நான் எதுக்கு?" என்பான். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பென்சில்வேனியாவின் இந்த வடக்கு மலையில் அவன் சம்பளத்துக்கும் கீழே வாங்குகிறவர்கள்தான் பாதிப் பேர். அவர்களுக்காகத்தான் நனைகிறோம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஊராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற எனக்கு, விரல் மரத்துப் போகாத கையுறை ஒன்றை மூன்று குளிர்காலம் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் அவன்தான்.

அவன் சோதிக்கிற விதமே தனி. ஐஸ் மழை கொட்டுகிற நாளாகப் பார்த்துப் புதுக் கோட்டை மாட்டிக்கொள்வான். கையில் துப்பாக்கியோடு போய், கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய்க்கு நேர் கீழே நிற்பான். அசைய மாட்டான். ஒருமுறை எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் பயந்துபோய்ப் போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள். வந்த போலீஸ்காரர் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. கண்ணாடியை இறக்கி, "ஹார்லன், கோட்டு எப்டி?" என்று கேட்டார். "கக்கத்துல ஒழுகுது" என்றான். "அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அவன் உயிர் கோட்டில் இல்லை, சக்கிமுக்கித் துப்பாக்கியில் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் தொடங்கி ஜனவரியில் கொஞ்ச நாள், எங்கள் மாநிலத்தில் அந்தப் பழைய துப்பாக்கியால் மட்டுமே மான் சுடலாம். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய குண்டை வைத்து இடிக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசிப் பொறி விழும், கிண்ணம் பற்றும், அந்தத் தீ ஒரு துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்ற வைக்கும். இத்தனையும் நடந்தால்தான் குண்டு போகும். எங்கேயாவது ஒரு சொட்டு ஈரம் பட்டால் பொழுது போச்சு. வருஷத்திலேயே மோசமான வானிலையில் இந்தக் கூத்தை ஆடத் துணிகிறவர்களுக்குப் புத்தி கொஞ்சம் கம்மி என்பது என் அபிப்பிராயம். நானும் அதில் ஒருவன்.

ஹார்லனின் துப்பாக்கி, பெட்டியில் துண்டு துண்டாக வந்ததைச் சமையலறை மேசையில் அவனே பூட்டியது. இருப்பதிலேயே மலிவு. அதை வைத்து இருபது வருஷத்துக்குக் கிட்ட அலைந்திருக்கிறான். ஒரு மான்கூட விழவில்லை. குறி தவறியவனின் சட்டை வாலைக் கத்தரித்து, பெயர் எழுதி, குடிலின் சுவரில் ஆணி அடிப்பது எங்கள் வேட்டைக்காரர்களின் வழக்கம். க்ளீட்டஸ் ரோமன்சிக்கின் குடிலில்தான் நாங்கள் கூடுவோம். அந்தச் சுவரில் தொங்குகிற துணியில் பாதி ஹார்லனுடையது. அவன் அண்ணன் டெல்மருடையது ஒன்றுகூட இல்லை. டெல்மர் சுட்டால் மான் விழும், அவ்வளவுதான் விஷயம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இப்படி இருப்பார்களா என்று க்ளீட்டஸ் வருஷா வருஷம் ஆச்சரியப்படுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன் டெல்மருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தொங்கிவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது, சில சமயம் அதுவும் வேறு சொல்லாக வந்தது. மனைவியை இழந்தவன் அவன். ஹார்லன் கல்யாணமே கட்டிக்கொள்ளவில்லை. எனவே ஹார்லன் அண்ணனைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டான். "தெரபிக்காரம்மா சொல்லிச்சு, எல்லாம் திரும்ப வரும்னு. நேத்து தானா ஷூ கயிறு கட்டுனான் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். மழைக்கோட்டில் எவனையும் நம்பாதவன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோதிக்காமல் நம்பினான்.

போன ஆகஸ்டில் பேருந்து ஓட்டுநர்களுக்கு நடக்கும் மருத்துவச் சோதனையில் ஹார்லனின் கண் மாட்டிக்கொண்டது. வலது கண்ணில் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் எல்லாம் தெரியும், பார்க்க நினைக்கிற இடம் மட்டும் அழுக்காக இருக்கும். ஊசி போட்டார்கள், தேறவில்லை. இடது கண்ணிலும் நேர்கோடு வளைந்து தெரியத் தொடங்கியிருந்தது. வருகிற குளிர்காலம் தாண்டினால் துப்பாக்கிக் குறி தெரியாது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேலை போனது. இரும்புக்கடையில் எல்லோரும் ஆறுதல் சொன்னோம்.

"ஆறுதல் எல்லாம் வச்சுக்கங்கடா. ஒரு மான். அந்தத் துப்பாக்கியால ஒண்ணே ஒண்ணு. இந்த சீசன்ல அடிச்சுட்டேன்னா அப்புறம் குருடனா ஒக்காந்து அண்ணன் டெல்லோட சேந்து ரேடியோ கேக்கறேன்" என்றான் அவன்.

இடது தோளில் வைத்துச் சுடப் பழகத் தொடங்கினான். அந்தத் துப்பாக்கியோ வலது கைக்காரனுக்குச் செய்தது. இடது பக்கம் வைத்தால் கிண்ணம் கன்னத்துக்கு நேராக வந்துவிடும், பற்றும்போது தீ முகத்தில் அடிக்கும். இடது கைத் துப்பாக்கி வாங்க அவனிடம் வழியில்லை. பட்டறையில் போடுகிற மலிவுக் கண்ணாடி ஒன்றை மாட்டிப் பார்த்தான், மூச்சு பட்டதும் பனி மூடியது. பற்பசை தடவினான், சோப்புத் தடவினான். கடைசியில் பச்சை உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்த்தால் பனி மூடாது என்று கண்டுபிடித்தான். ஒரு மாதம் எங்கள் காட்டில் அவன் எங்கே உட்கார்ந்திருந்தாலும் பையில் ஒரு உருளைக்கிழங்கு இருந்தது. "மான் வரலைன்னா வறுத்துத் தின்னுக்கலாம்" என்றான். ஒரு பக்கப் புருவம் கருகிப் போயிருந்தது.

கிண்ணத்துக்கு மூடி தனியாகச் செய்திருந்தான். பழைய பூட்ஸின் தோலை வெட்டி, தேன்மெழுகையும் மாட்டுக் கொழுப்பையும் சேர்த்துக் காய்ச்சி ஊற வைத்தது. அந்தத் தகரக் குழாய்க்கு அடியில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றுவிட்டு வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் மூடியைத் தூக்கி விசையை இழுத்தான். படீரென்று வெடித்தது. கைதட்டினோம். அவன் வாழ்க்கையில் செய்ததிலேயே நல்ல சாமான் அதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

சீசன் முழுக்க அலைந்தான். மான் வந்த நாளில் மரம் குறுக்கே நின்றது. மரம் இல்லாத நாளில் மான் வரவில்லை. கடைசி வார இறுதிக்கு டெல்மரையும் அழைத்துக்கொண்டு என் வண்டியில் குடிலுக்கு வந்தான். டெல்மரால் அடுப்புக்கு விறகு போட முடியும், இடது கையால். அதைச் செய்யும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ குடிலையே தாங்கிப் பிடிப்பது போல நிற்பான். மற்ற நேரங்களில், "நான்... சும்மா... சுமை" என்பான். ஹார்லன் அவன் வாயில் ஒரு துண்டு மான்கறி சாசேஜைத் திணித்துப் பேச்சை நிறுத்துவான்.

அன்று மாலை யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நனைந்த காலுறைகளைக் கயிற்றில் போட்டோம். அடுப்பின் மேல் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் பெரிய பானையில் கொதித்து, சன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்து வழிந்தது. துப்பாக்கிகள் வழக்கம்போல வெளியே, குடிலின் முன்தாழ்வாரத்தில், உறைகிற குளிரில் நின்றன. கிண்ணத்து மருந்தைத் தட்டிவிட்டால் எங்கள் சட்டப்படி அது வெற்றுத் துப்பாக்கி. உள்ளே இடித்த மருந்தும் குண்டும் அப்படியே இருக்கலாம். ஆனால் குளிர்ந்த இரும்பை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவரவே கூடாது. வந்த மாத்திரத்தில் அதற்கு வியர்க்கும், உள்ளே இருக்கிற மருந்து நமுத்துவிடும். இது எங்கள் ஊரில் பால்குடி மறக்கும் முன்னே தெரிந்துகொள்கிற பாடம்.

காலையில் நாங்கள் எழுந்தபோது டெல்மர் எங்களுக்கு முன்பே எழுந்து, தாழ்வாரத்துக் கதவருகே நின்றுகொண்டிருந்தான். ஹார்லனின் துப்பாக்கியை இடது கையால் தூக்கி அவனிடம் நீட்டினான்.

"நல்லா... நல்லா இருக்கு" என்றான்.

"நல்லா இருக்கா? அப்ப இன்னிக்கு கறிதான் போ" என்று ஹார்லன் அவன் முதுகில் தட்டிவிட்டு வாங்கிக்கொண்டான்.

ஐஸ் மழை தொடங்கியிருந்தது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் அவன், எதிர்ப்பக்கம் நான். இலையில்லாத காடு, அவன் உட்கார்ந்திருந்த மரத்தடி எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில், ஓடையோரமாக ஒரு பெண்மான் தனியாக ஏறி வந்தது. நேராக அவனை நோக்கி. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். நாங்கள் எவ்வளவோ மான் சுட்டிருக்கிறோம், என் மான் எதற்கும் நான் அப்படிப் பதறியதில்லை. கர்த்தாவே, இதை மட்டும் அவனுக்குக் கொடு என்று வேண்டினேன்.

மான் அவனிடமிருந்து இருபதடிக்குள் வந்து நின்றது. அதற்கு மேல் பக்கத்தில் வந்தால் மடியில்தான் உட்கார வேண்டும். இடது தோளுக்குத் துப்பாக்கி ஏறியது. மூடியை எடுத்து விசையை இழுத்தான். ஒரு வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பியது. சத்தம் மட்டும் வரவில்லை.

மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஓடவில்லை. அவன் மெல்லக் கம்பியை எடுத்துத் துளையைக் குத்தினான், கிண்ணத்தில் மருந்து போட்டான், மறுபடி தோளில் வைத்தான். மறுபடியும் புகை. மான் காதை ஆட்டியது. நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவையும் அதே வெறும் புகை. அதற்குப் பிறகு அந்த மான், சந்தையில் விலை ஒத்துவராத பெண்பிள்ளை மாதிரி, அவசரப்படாமல் திரும்பி மேட்டில் ஏறிப் போய்விட்டது.

நான் பள்ளத்தில் இறங்கி ஏறி, மூச்சிரைக்க அவனிடம் போனேன். உருளைக்கிழங்கு தேய்த்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் கரி படிந்திருந்தது.

"என்னடா ஆச்சு?"

"பத்தல, ரே."

"கிண்ணம் பத்துச்சே! மூணு வாட்டி பாத்தேன்."

"கிண்ணம் பத்துச்சு. உள்ள இருக்கறது கஞ்சி."

"உன் மூடி ஒழுகிடுச்சா?"

அவன் துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினான். தோல் மூடியிலிருந்த மெழுகு இறங்கி, துப்பாக்கியின் மரக்கட்டை மேல் நீளமாக வழிந்து உறைந்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினான்.

"நேத்து ராத்திரி வெளிய இருந்த குளிருக்கு மெழுகு உருகுமா?" என்று கேட்டான்.

"அடுப்புகிட்ட வச்சாத்தான் உருகும்" என்று சொன்னதுமே எனக்கு ரத்தம் கொதித்தது. "உள்ள கொண்டாந்திருக்கான்! எவன்டா அவன்? குழலுக்குள்ள மருந்த வச்சுக்கிட்டு அடுப்பு ஓரத்துல! அவன் கைய ஒடிக்கிறேன் பாரு."

"ஒரு கை ஏற்கெனவே ஒடஞ்சுதான் இருக்கு" என்றான் ஹார்லன்.

காலையில் கதவருகே நின்ற டெல்மரின் முகம் ஞாபகம் வந்தது.

"இங்க பாரு, ரே. இத நீ பாக்கல. நீ வாயத் தொறந்தேன்னா சாகற வரைக்கும் உன்கூடப் பேச மாட்டேன்."

"மத்தவங்க கேப்பாங்களே, என்ன ஆச்சுன்னு?"

"குறி தப்பிட்டேன்னு சொல்லிக்கறேன். எனக்கென்ன அது புதுசா?"

உள்ளே நமுத்ததை எப்படியாவது வெடித்து வெளியேற்ற, துளை வழியாகக் காய்ந்த பொடி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியால் தள்ளினான். வெகுநேரம் பிடித்தது. பிறகு இற்றுப்போன ஒரு மரமுண்டைப் பார்த்து விசையை இழுத்தான். இழுத்துக்கொண்டு கிடந்து, மலச்சிக்கல்காரன் மாதிரி முக்கி, கடைசியில் வெடித்தது. மலை முழுக்கக் கேட்டிருக்கும். புது மருந்து இடித்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்தான். நானும் என் இடத்துக்குப் போகாமல் அவனுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். ஒரு அணில்கூட வரவில்லை. சீசன் முடிந்தது.

குடிலில் பானையை இறக்கித் தட்டில் போட்டதும் க்ளீட்டஸ் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். எங்கள் கோர்ட்டுக்கு அவர்தான் ஜட்ஜ்.

"காலைல ஒரு வெடி கேட்டுது. யாரு?"

"நான்தான். பெண்மான். இருபதடி" என்றான் ஹார்லன்.

"இருபதடியா! கல்ல விட்டு எறிஞ்சிருந்தாலே செத்திருக்குமேய்யா!"

"எறிஞ்சிருந்தா அதுவும் தப்பியிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அடுப்போரத்தில் இருந்த டெல்மர் எழுந்து நின்றான். நல்ல கையைத் தூக்கினான். அவன் தானாக இந்த மாதிரி கையைத் தூக்கி வெகுநாளாகிறது, அதனால் எல்லோர் பேச்சும் நின்றுவிட்டது.

"நான்..." என்றான். "துப்பாக்கி... வெளிய... பாவம்... பனி. நான்... உள்ள... கொண்டாந்தேன். அடுப்புல... காய வச்சேன். அதான்..." அவன் முகம் பூரித்துப் போயிருந்தது. "அதான்... வெடிச்சுது."

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும், அடுப்போரம் நின்ற துப்பாக்கி மானுக்கு முன் என்ன செய்திருக்கும் என்று தெரியும். க்ளீட்டஸ் கத்தரிக்கோலோடு ஹார்லனைப் பார்த்தார். வெடிக்காத துப்பாக்கிக்குச் சட்டை வெட்டுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. அது தவறிய குறி ஆகாது. ஹார்லன் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், அந்தப் போய்க்கொண்டிருக்கும் கண்ணால்.

"ஆமா டெல்" என்றான். "நீ காய வச்சதாலதான் வெடிச்சுது. இல்லேன்னா அது பத்தியே இருக்காது. குறி தப்பினது நான். அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"நீ... எப்பவுமே... தப்புவ" என்று டெல்மர் சொல்லிவிட்டுச் சிரித்தான். பக்கவாதம் வந்த பிறகு அவன் அப்படி வயிறு குலுங்கச் சிரித்து நான் பார்க்கவில்லை. கொஞ்சம் பிந்தி நாங்களும் சிரித்தோம். சிரிப்பதைத் தவிர வேறென்ன செய்ய?

க்ளீட்டஸ் ஹார்லனின் சட்டையைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டாக வெட்டினார்.

"இன்னும்... பெருசா!" என்று டெல்மர் கத்தினான்.

"கேட்டீங்கல்ல, பெருசா வெட்டுங்க" என்றான் ஹார்லன். க்ளீட்டஸ் பெரிதாக வெட்டினார்.

மறுநாள் காலை மூவரும் என் வண்டியில் கிளம்பினோம். டெல்மர் பின் இருக்கையில் ஏறியதும் தூங்கிவிட்டான். கண்ணாடியில் பனி உருகட்டும் என்று இயந்திரத்தை ஓட விட்டுக் காத்திருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

"நல்ல மூடிடா அது. மெழுகுலதான் கோளாறு, தோலுல இல்ல" என்றேன்.

ஹார்லன் திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

"சின்னப் பையனா இருக்கறப்ப, மொத மொதல்ல கேம்ப்புக்கு வந்தேன். அன்னிக்கு நான் துப்பாக்கிய உள்ள தூக்கிட்டு வந்துட்டேன், ரே. பொடனில ஒண்ணு விட்டான் பாரு. 'இரும்புக்கு வேர்க்கும்டா முட்டாள், குளிர்ல நிக்கட்டும்'னு. இவன்தான். மான் போனா மயிரே போச்சு. கண்ணு போனாலும் போகட்டும். இவன் திரும்ப வந்துட்டிருக்கான், கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டிருக்கான்னு ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே. வரலடா. அவன் வர மாட்டான்."

பின்னால் டெல்மர் விழித்துக்கொண்டான்.

"ஹார்லி... அடுத்த வருஷம்... மான்... அடிச்சுடலாம். துப்பாக்கி... நான்... பாத்துக்கறேன்."

ஹார்லன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயே பாத்துக்க, டெல்" என்றான். நான் வண்டியை எடுத்தேன்.